மஸ்கட்ல கஞ்சர் டயல் ரோலக்ஸ் வாங்கின அனுபவம்

ஓமன்ல வேலை பாக்கற நம்மாளுங்க நிறைய பேருக்கு இந்த கஞ்சர் வாட்ச், அதாவது ஓமன் அரசு சின்னத்துல இருக்கற கஞ்சர் கத்தி போட்ட ரோலக்ஸ் பத்தி காதுல விழுந்திருக்கும், கையில வாங்கி பாத்தவங்க கம்மிதான். சுல்தான் காபூஸ் 1970 ஜூலைல பட்டத்துக்கு வந்தாரு, அதுக்கப்புறம் தனக்கு விசுவாசமா இருந்தவங்க, ராணுவ அதிகாரிங்க, தெற்கு ஓமன் தோஃபார்ல நடந்த உள்நாட்டு சண்டைல கூட நின்ன பிரிட்டிஷ் எஸ்ஏஎஸ் சிறப்புப் படை ஆளுங்கன்னு பல பேருக்கு வாட்ச் பரிசா குடுத்தாரு. லண்டன் ஆஸ்ப்ரே கடை மூலமா ரோலக்ஸுக்கு ஆர்டர் போகும். டயல்லயோ பின்மூடிலயோ ஓமன் சின்னம் இருக்கும், ரெண்டு வாள் குறுக்க, அது மேல வளைஞ்ச கஞ்சர் கத்தி. சிகப்பு கஞ்சர் போட்ட டேடோனா, சீ-டுவெல்லர் மாதிரி ரோலக்ஸ் மாடலெல்லாம் ஏலத்துல போற ரேட்டுக்கு சென்னைல ஃப்ளாட்டே வாங்கலாம், அந்த பக்கம் நான் தலை வெச்சு படுக்கல. நான் தேடினது ரோலக்ஸோட டேட்ஜஸ்ட் மாடல், நம்பர் 1601, 36 மில்லிமீட்டர், ஸ்டீல் கேஸ்.

இதுல சிக்கல் எங்கன்னா, வாட்ச் முழுக்க ஒரிஜினலா இருக்கும், கத்தி மட்டும் டூப்ளிகேட்டா இருக்கும். அதே காலத்து சாதா 1601 ஒண்ண வாங்கி டயல கழட்டி சின்னத்த அடிச்சு மாட்டினா முடிஞ்சுது, விலை எங்கயோ போயிடும். பட்டேக் பிலிப்னு இன்னொரு ஸ்விஸ் வாட்ச் கம்பெனி மாதிரி பழைய ரெஜிஸ்டர பாத்து "ஆமா இது நாங்க பண்ணதுதான்"னு எழுதித் தர்ற வழக்கமும் ரோலக்ஸ்ல கிடையாது. அதனால டயலும், வாட்ச் வந்த வழியும், இந்த ரெண்டுதான் நமக்கு சாட்சி.

முதல்ல ஒரு டீலர் காட்டினது பளபளன்னு இருந்துச்சு. லென்ஸ் வெச்சு பாத்தா நிமிஷக் கோடு, எழுத்து எல்லாம் லேசா மங்கி பழுத்திருக்கு, கஞ்சர் மட்டும் நேத்து அச்சடிச்ச கல்யாணப் பத்திரிகை மாதிரி மினுங்குது, ஓரம் வேற மை ஊறி பரவியிருந்துச்சு. "ராஜா வீட்டுலேர்ந்து வந்தது பாய்"னாரு, எந்த வீடுன்னு கேட்டா பதில் இல்ல. டீய குடிச்சுட்டு வந்துட்டேன்.

அப்புறம் ஆபீஸ்ல கூட வேலை செய்யற ஓமானி ஒருத்தர் மூலமா மஸ்கட் மத்ரா ஏரியால ஒரு பெரியவர் கிடைச்சாரு, ராணுவத்துல இருந்து ரிட்டையர் ஆனவர், பலூச்சி வம்சம், என்னை விட நல்லா ஹிந்தி பேசுவாரு. உடனே வாட்ச காட்டிடல, காவான்னு அரபிக் காபி, பேரீச்சம்பழம், குடும்ப விசாரணை எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பெட்டி வெளிய வந்துச்சு. எனக்கு அவர் வாட்ச விட அவர் வெச்சிருந்த போட்டோதான் முக்கியம், யூனிஃபார்ம்ல நிக்கறாரு, இடது கையில இதே வாட்ச்.

அவர்கிட்ட கேட்டுக்கிட்டு செயினை கழட்டினேன். சீரியல் நம்பர் 6 மணி பக்கம் செயின் மாட்டற காதுகளுக்கு நடுவுல, மாடல் நம்பர் 12 மணி பக்கம், ரெண்டும் அழியாம இருந்துச்சு, 70களோட முற்பாதிக்கு சரியா வருது. டயல் அடியில "டி ஸ்விஸ் டி"ன்னு இருக்கு, அதாவது இருட்டுல ஒளிர புள்ளி, முள்ளுல பூசற ட்ரிடியம். யூவி டார்ச் அடிச்சு அணைச்சேன், புள்ளி, முள்ளு ரெண்டுமே சட்டுனு செத்துடுச்சு. அதுதான் வேணும், ட்ரிடியம் பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பாதியா கொறையும், அம்பது வருஷ சரக்கு நின்னு எரிஞ்சா பின்னாடி யாரோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். கஞ்சரோட தங்கக் கலரும் பக்கத்து எழுத்தும் ஒரே மாதிரி வயசாகியிருந்துச்சு, வாளோட பிடி வரைக்கும் தனித்தனியா தெரிஞ்சுது. சிலதுல ஆஸ்ப்ரே பேரும் இருக்கும், இதுல இல்ல, அதுக்காக நான் கவலப்படல.

பேரம்னு பெருசா பேசல, அவர் பையன்தான் கொஞ்சம் ஏத்திப் பாத்தாரு, பெரியவர் ஒரு பார்வை பாத்தாரு அடங்கிட்டாரு. காசு பேங்க் ட்ரான்ஸ்ஃபர்தான், ரொக்கமா குடுக்காதீங்க, ரெக்கார்ட் இருக்கணும். எந்த வருஷம், என்ன பதவியில இருந்தப்ப கிடைச்சுதுன்னு அவரே அரபியில எழுதி கையெழுத்து போட்டாரு, போட்டோவுக்கு ஒரு காப்பியும் வாங்கிட்டேன். நாளைக்கு விக்கணும்னா இந்த ஒரு தாள்தான் பாதி விலை.

சர்வீஸுக்குத்தான் அல்லாடினேன். மஸ்கட் ருவி ஏரியால ஒரு கடைக்காரர் ஆசையா "டயல க்ளீன் பண்ணி, கேஸ பாலிஷ் போட்டு புதுசாக்கித் தரேன்"னாரு, எனக்கு வயித்த கலக்கிடுச்சு. கம்பெனி சர்வீஸ் சென்டர் பக்கமும் யோசிச்சுதான் போகணும், கறை படிஞ்ச டயல், முள்ளெல்லாம் மாத்தணும்பாங்க, மாத்தினா கஞ்சர் போச்சு. கடைசில பழைய மெஷின் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட "உள்ள இருக்கற 1575 மெஷினுக்கு எண்ணெய், வாஷர் மட்டும், டயல், முள்ளு, கேஸ் தொடக்கூடாது"ன்னு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கித்தான் குடுத்தேன். அவரு சிரிச்சாரு, ஆனா சொன்னபடி செஞ்சாரு. இப்ப நாளைக்கு ஏழெட்டு செகண்ட் ஃபாஸ்ட்டா ஓடுது, போதும்.

ஊருக்கு இன்னும் கொண்டு வரல. "கையில கட்டிட்டு வா, யார் கேக்கப் போறா"ன்னு சொல்ற ஃப்ரெண்ட்ஸ் நிறைய, ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் கேட்டா அவங்க யாரும் கூட நிக்க மாட்டாங்க. ரெட் சேனல்ல போய் டிக்ளேர் பண்ணி ட்யூட்டி கட்டற அளவுக்கு காசு சேந்ததும் கொண்டு வருவேன், அது வரைக்கும் லீவுக்கு வந்தா டைட்டன்தான்.