பில்ட் முடிந்த பிறகும் ஓடிய பிள்ளைகள்

திருகோணமலை உவர்மலையில் இருந்து நாங்கள் நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்குச் செய்யும் தளங்கள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் இருக்கும். ஒரு நோட் (ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓடவிடும் Node.js) ஸ்கிரிப்ட் மொழிக்கொன்றாக மூன்று சைல்ட் புரொசெஸைத் தொடக்கும். தொடக்கும் ஸ்கிரிப்ட் தாய்; அது தொடக்கும் தனி நிரல்கள் பிள்ளைகள். நாலாவது, படங்களைச் சுருக்கும். எல்லாம் 8 ஜிபி ராம் உள்ள உபுண்டு மடிக்கணினியில். ஒருநாள் பில்ட், அதாவது தளத்தின் பக்கங்களை உருவாக்கும் வேலை, பிழையேதும் காட்டாமல் முடிந்தது. சிங்களப் பக்கங்களில் பாதியைக் காணவில்லை.

காரணம் ஒரே வரி. புரொசெஸ் முடியும்போது வரும் முடிவு மதிப்பை (எக்ஸிட் கோட்) ‘இஃப் கோட்’ என்று மட்டும் சோதித்திருந்தோம். சிக்னலால், அதாவது இயங்குதளம் வழியாக வரும் நிறுத்தும் அறிவிப்பால், கொல்லப்பட்ட புரொசெஸுக்கு நோட் தரும் கோட் எண்ணே அல்ல, ‘நல்’ (null, வெறுமை). ஜாவாஸ்கிரிப்டில் நல் பொய்யாகக் கணக்கிடப்படுவதால் சோதனை அதைத் தாண்டிப் போய்விட்டது. ராம் தீர்ந்து லினக்ஸ் கேர்னல் ‘சிக்கில்’ (SIGKILL, உடனே கொல்லும் சிக்னல்) அனுப்பியது, கேர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசெக் பதிவில் தெளிவாகக் கிடந்தது. கோட் பூச்சியம்தானா என்று மூன்று சமன்குறி போட்டே ஒப்பிட வேண்டும்; கூடவே வரும் சிக்னலின் பெயரையும் லொக்கில் எழுத வேண்டும். இடையில் ஷெல் (கட்டளைகளை ஓடவிடும் நிரல்) இருந்தால் அதே சாவு 137 என்று வரும்: 128 உடன் சிக்கில்லின் எண் 9.

படச் சுருக்கத்துக்கு, பிள்ளையைத் தொடக்கும் நோட் வழிகளில் ஒன்றான ‘எக்ஸெக்’ சரிவரவில்லை. அது வெளியீடு முழுவதையும் நினைவகத்தில் சேர்த்து வைக்கும்; இயல்பு எல்லையான 1024 × 1024 பைட் தாண்டினால் பிள்ளையைக் கொன்றுவிடும். வெளியீட்டை வர வரத் தரும் ‘ஸ்போன்’ நல்லது. ஆனால் பைப் (பிள்ளையின் வெளியீடு தாய்க்கு வரும் வழி) போட்டுவிட்டு வாசிக்காமல் விட்டால், அது நிரம்பியதும் பிள்ளை எழுத இடமில்லாமல் நின்றுவிடும். வாசிக்கத் தேவையில்லையென்றால், பிள்ளை தாயின் வெளியீட்டிலேயே நேரே எழுதும்படி ‘இன்ஹெரிட்’ கொடுங்கள். வெளியீட்டைச் சேர்ப்பதானால் ‘எக்ஸிட்’ அல்ல, ‘க்ளோஸ்’ நிகழ்வுக்குக் காத்திருங்கள். எக்ஸிட் வரும்போது கடைசி வரிகள் இன்னும் வந்து சேராமல் இருக்கலாம்.

அதிக நேரம் தின்றது நிறுத்தும் வேலைதான். வோட்ச் முறையை (கோப்பு மாறும்போதெல்லாம் தானாக மறுபடி பில்ட் செய்வதை) நிறுத்தி மறுபடி தொடக்கினால் 3000 ஆம் போர்ட் பாவனையில் என்று பிழை வந்தது. என்பிஎம் (நோட்டின் பொதி நிர்வாகக் கருவி) ரன் மூலம் தொடக்கும்போது எங்கள் பிள்ளை என்பிஎம். அதற்குக் கீழே ஷெல். உண்மையான வேலை அதற்கும் கீழே. ‘கில்’ மேலே உள்ளதற்கு மட்டுமே சிக்டேர்ம் (முடித்துக்கொள் என்று கேட்கும் சிக்னல்) அனுப்பும். பேரப்பிள்ளை அநாதையாகப் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். முதல் மருந்து, என்பிஎம்மை விட்டு, ‘புரொசெஸ் டொட் எக்ஸெக்பாத்’ தரும் நோட்டையே கருவியின் ஸ்கிரிப்ட் பாதையுடன் நேரே ஓடவிடுவது. அந்தக் கருவியும் பிள்ளை பெறுமென்றால், ‘டிடாச்ட்’ கொடுத்துத் தனிக்குழுவாக்கி, பிஐடிக்கு (புரொசெஸின் அடையாள எண்) முன்னால் கழித்தல்குறி போட்டு முழுக் குழுவுக்கும் சிக்னல் அனுப்ப வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. தனிக்குழுவானதும் டேர்மினலில் அழுத்தும் கன்ட்ரோல் சி பிள்ளையைச் சேராது. தாய் ஸ்கிரிப்ட் சிக்இன்டை (கன்ட்ரோல் சி அனுப்பும் சிக்னல்) பிடித்து, குழுவுக்கு அனுப்பி, தானும் வெளியேற வேண்டும். பிடித்துவிட்டால் நோட் தானாக வெளியேறாது. சிக்டேர்ம் கொடுத்து 5 விநாடி பொறுத்து, இன்னும் உயிரோடு இருந்தால் சிக்கில். உயிரோடு இருக்கிறதா என்று ‘கில்ட்’ என்ற பண்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்: சிக்னல் அனுப்பியாயிற்று என்பதைத்தான் அது சொல்லும், செத்ததை அல்ல. எக்ஸிட்கோட், சிக்னல்கோட் இரண்டும் ‘நல்’ ஆகவே இருந்தால் இன்னும் ஓடுகிறது.

தாயையே சிக்கில் கொன்றால் எதையும் பிடிக்க முடியாது. அதனால் எங்கள் சொந்த ஸ்கிரிப்டுகளை, தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே செய்தி இணைப்பு வைக்கும் ‘ஃபோர்க்’ மூலம் தொடக்குகிறோம். தாயுடனான இணைப்பு அறுந்ததும் வரும் ‘டிஸ்கனெக்ட்’ நிகழ்வில் பிள்ளை தானே முடித்துக்கொள்ளும்.

விண்டோஸில் 2024 ஏப்ரல் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, அதாவது நோட் பதிப்புகள் 18.20.2, 20.12.2, 21.7.3 முதல், சிஎம்டி கோப்பை (.cmd, விண்டோஸ் கட்டளைக் கோப்பு) ஷெல் இல்லாமல் ஸ்போன் செய்தால் ஐன்வால் (EINVAL) பிழை. நோட்டை நேரே ஓடவிடும் மேலுள்ள வழி இதையும் தீர்க்கிறது. அங்கே குழுவைக் கொல்ல ‘டாஸ்க்கில்’ (taskkill) கட்டளை, /T, /F தெரிவுகளுடன்.

ராம் பிரச்சினைக்கு, ஒரே நேரத்தில் இரண்டு மொழி மட்டும். புரொசெசரின் கோர் எண்ணிக்கையைப் பார்த்து இதை நிர்ணயிக்க வேண்டாம். எங்களுக்கு முதலில் தீர்ந்தது ராம். படச் சுருக்கம் மூன்று மொழியும் க்ளோஸ் ஆன பிறகே தொடங்குகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பில்ட் நடுவே கன்ட்ரோல் சி அழுத்தி, ஓடும் புரொசெஸ்களைப் பெயரால் தேடும் பீஜிரெப்பால் நோட் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கிறோம்.