காவலூர்ப் பக்கம் ஒரு ராத்திரி: எட்டு அங்குலக் கண்ணாடியும் ஒரு கம்ப்யூட்டர் ஃபேனும்

முதலில் வயிற்றெரிச்சல். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறப் பேசிய வாடகை ஒன்று. டாப்சோனியன் தொலைநோக்கியின் (அடியில் எட்டு அங்குலக் குழிக் கண்ணாடி இருக்கும் ரகம்) குழாயைப் பார்த்ததும் "பீரங்கியா சார்?" என்று கேட்டு டிரைவர் 600 ரூபாய் ஏற்றிவிட்டார். போகட்டும். மத்தியானம் முழுக்க டிக்கியில் கிடந்த குழாய், இறக்கும்போது இட்லிப் பானை மாதிரி கொதித்தது. அதுதான் பெரிய நஷ்டம்.

காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருப்பது சும்மா இல்லை, ஜவ்வாது மலை இருட்டு அப்படி. (அந்தப் பக்கம் ஹெட்லைட் அடிக்காதீர்கள், சிவப்பு டார்ச் போதும்.) ஆனால் எந்த இருட்டும் சூடான கண்ணாடியைக் காப்பாற்றாது. காற்றைவிடக் கண்ணாடி சூடாக இருந்தால் அதன் முகத்தில் வெப்பக் காற்று ஒட்டிக்கொண்டு, தார் ரோட்டுக் கானல் மாதிரி நெளியும். ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தின் நடுவில், ட்ரபீசியம் என்ற கூட்டத்தின் நாலு நட்சத்திரமும் நாலு பஞ்சு உருண்டையாகத்தான் தெரியும்.

இந்தச் சூட்டுக்கு மருந்து சென்னை ரிச்சி தெருவில் 200 ரூபாய்க்குள் கிடைக்கும்: 80 மில்லிமீட்டர், 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன். கண்ணாடியின் முதுகுக்கு 5 சென்டிமீட்டர் பின்னால், காற்று கண்ணாடியை நோக்கி அடிக்கும்படி வையுங்கள். ஸ்க்ரூ போட்டு இறுக்கவே கூடாது. அதிர்வு ஏறி 200 மடங்கு உருப்பெருக்கத்தில் நட்சத்திரம் நடுங்கும். நாலு மூலையிலும் ரப்பர் பேண்டில் தொங்கட்டும். சுற்றியுள்ள இடைவெளியை ஃபோம் போர்டு வெட்டி அடைத்தால்தான் காற்று பக்கவாட்டில் தப்பிக்காமல் கண்ணாடி விளிம்பைச் சுற்றி மேலேறும். கண்ணாடி ஆறுவது சும்மா வைத்தால் ஒன்றரை மணி நேரம் ஆகிற வேலை, இதில் முக்கால் மணிக்குள் முடியும்.

அப்புறமும் அணைக்காதீர்கள். இரவு முழுக்கக் காற்று குளிர்ந்துகொண்டே போகும், தடித்த கண்ணாடி பின்தங்கும். வரிசையில் 22 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்று போட்டு வேகத்தைக் குறைத்து ஓட விடுங்கள். 0.15 ஆம்பியர் ஃபேனுக்கு 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ராத்திரி முழுக்கத் தாராளம்.

பனிக்கும் இதே ஃபேன் உதவும். வானத்தைப் பார்த்துக் கிடக்கும் கண்ணாடி வெப்பத்தைக் கதிர்வீசி, காற்றைவிடக் கீழே இறங்கும்போதுதான் ஈரம் படிகிறது. காற்று ஓடினால் அவ்வளவு இறங்காது. ஆனால் மூடுபனியே வந்துவிட்டால் ஃபேன் வெறும் சத்தம்தான். குழாய் வாய்க்கருகே இருக்கும் சின்னக் கண்ணாடிக்கும் ஐபீஸுக்கும் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) ஃபேன் எட்டாது. சின்னக் கண்ணாடியின் முதுகில் 330 ஓம் ரெசிஸ்டர் மூன்றை இணையாக ஒட்டினால் 12 வோல்ட்டில் சுமார் 1.3 வாட் சூடு. அதுவே போதும். ஐபீஸ்? சட்டைப் பைக்குள்.

பனி படிந்தால் துணியால் துடைக்காதீர்கள், அலுமினியப் பூச்சு கீறிப் போகும். ஃபேனை முழு வேகத்தில் விட்டுக் காத்திருங்கள். விடியலில் வெளியிலேயே மூடியைப் போட்டுவிட்டு அறைக்குள் கொண்டுபோங்கள். திறந்தபடி போனால் அறையின் ஈரம் அத்தனையும் குளிர்ந்த கண்ணாடியில் வந்து உட்காரும்.