கேடயமும் பணப்பையும்

2010 தேர்தலில் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்து ஹங்கேரியின் பிரதமரான விக்டர் ஓர்பான், புதிய அரசியலமைப்பையும் தேர்தல் சட்டத்தையும் நாடாளுமன்றப் பெரும்பான்மையைக் கொண்டே நிறைவேற்றினார் என்பதுதான் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. ஹங்கேரி நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 62ஆகக் குறைக்கப்பட்டதை 2012இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வயதுப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அதற்குள் பல நாற்காலிகளில் வேறு ஆட்கள் அமர்ந்துவிட்டிருந்தார்கள்.

ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு, நெறி பிறழும் உறுப்பு நாட்டின் வாக்குரிமையை நிறுத்திவைக்க வழிசெய்கிறது. 2017இல் போலந்து மீதும் 2018இல் ஹங்கேரி மீதும் அந்த நடவடிக்கை தொடங்கியது. ஆனால் மீறல் நிகழ்ந்ததென்று தீர்மானிக்க மற்ற எல்லா நாடுகளும் ஒருமனதாக இசைய வேண்டும் என்பதால், இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று கேடயம் பிடித்தபோது (விதியை எழுதியவர்கள் இதை எண்ணிப்பார்க்கவே இல்லை போலும்) அப்பிரிவு ஏட்டோடு நின்றது.

பணத்துக்கு அஞ்சும் அளவு ஒப்பந்த வாசகத்துக்கு யாரும் அஞ்சவில்லை. 2022 டிசம்பரில் ஹங்கேரிக்குரிய ஒன்றிய நிதியில் சுமார் 630 கோடி யூரோ நிறுத்திவைக்கப்பட்டது. ஓராண்டு கழித்து, உக்ரைன் குறித்து ஹங்கேரியின் இசைவும் தேவைப்பட்ட முடிவை எடுக்கவிருந்த ஒன்றிய உச்சிமாநாட்டுக்கு முந்தைய நாள், தனியே முடங்கிக் கிடந்த சுமார் 1,020 கோடி யூரோவுக்கான தடையை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் நீக்கியது. நீதித்துறைச் சீர்திருத்தமே அதற்குக் காரணம் என்று சொல்லப்பட்டதை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.