நரம்பின் வேகத்தை அளந்தவர்

பெங்களூருவின் நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவமனை) வளாகத்தின் மூளை அருங்காட்சியகத்திற்குச் சென்றுவந்த நம் அல்சூர் வாசகர் வட்ட நண்பர்கள் சிலர், மூளை, நரம்புகளின் வழியே மனத்தை ஆராயும் உயிரியல் உளவியல் எங்கிருந்து தொடங்கியது என்று கேட்டிருந்தார்கள். 1861இல் பாரிஸில் பேச்சிழந்த ஒரு நோயாளியின் மூளையை ஆராய்ந்து, இடது முன்மடலின் சேதத்தைப் பேச்சிழப்போடு இணைத்த பால் புரோக்காவிலிருந்தே பலரும் தொடங்குவர். நான் அதற்கும் பதினோரு ஆண்டுகள் முந்தைய காலத்திற்குச் செல்ல விரும்புகிறேன்.

நரம்புச் செய்தியின் வேகத்தை அளக்கவே இயலாது என்று உடலியல் பேராசிரியர் யோகான்னஸ் முல்லர் கருதியிருந்தார். அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளைக் காலின் தசையையும் அதனோடு இணைந்த நரம்பையும் எடுத்து, தசைக்கு அருகில் ஓரிடத்திலும் சற்றுத் தொலைவில் மற்றோரிடத்திலும் மின்தூண்டல் கொடுத்து, தசை சுருங்க எடுத்துக்கொண்ட நேரங்களின் வேறுபாட்டைக் கணக்கிட்டார். 1850இல் அவர் கண்ட விடை, நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! (நமது வெளிவட்டச் சாலையில், நெரிசல் இல்லாத அபூர்வ நள்ளிரவில், ஒரு கார் எட்டக்கூடிய வேகம்தான்.)

மண்டையோட்டின் மேடுகளைத் தடவிக் குணம் சொன்ன ஃபிரான்ஸ் யோசப் கால் என்பவரின் கொள்கையைவிட, இந்த எளிய கழித்தல் கணக்கையே நான் பெரிதாக மதிக்கிறேன். எண்ணத்திற்கும் செயலுக்கும் இடையில் அளக்கத்தக்க நேரம் உண்டு என்றானபின், 1860களில் டச்சு மருத்துவர் டோண்டர்ஸ் அதே கழித்தல் முறையைக் கொண்டு, ஒரு முடிவெடுக்க மனத்திற்கு ஆகும் நேரத்தையே அளக்க முற்பட்டார்.