மார்புக் கட்டியில ஊசி போட்டு சதை எடுத்த ஒரு வாரம்

ஜூன் 9, 2025, திங்கள்
நாகர்கோவில்ல ஸ்கேன் ரிப்போர்ட் கிடைச்சுது. இடது மார்புல கட்டி, பைராட்ஸ் 4ன்னு போட்டிருக்கு, ஸ்கேன பாத்து கேன்சர் சந்தேகம் எவ்வளவுன்னு போடுற நம்பராம் அது. "4ன்னா கேன்சர்னு அர்த்தமில்ல, சந்தேகம் இருக்கு, பயாப்ஸி, அதாவது ஊசியால கொஞ்சம் சதை எடுத்து சோதிச்சாதான் தெரியும்"னு டாக்டரம்மா சொன்னாவ. தக்கலை வர பஸ்ல நல்ல மழை, ஷட்டர இறக்கிவிட்டு இருட்டுல இருந்து அழுதேன்.

ஜூன் 10
பக்கத்து வீட்டு அக்கா, ஊசி குத்துனா கட்டி இளகி உடம்பெல்லாம் பரவிரும், போவாதன்னாவ. ராத்திரி ஒறக்கமே இல்ல. விடிஞ்சதும் டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன், ஊசி குத்துறதால வியாதி பரவாது, இப்படி பேடிச்சு தள்ளிப்போடுறதுதான் ஆபத்துன்னு சொன்ன பிறகுதான் மனசு நின்னுது. ரத்தம் உறையாம இருக்க எக்கோஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிடுறியளான்னும் கேட்டாவ. சாப்பிடுறவங்க முன்னாடியே சொல்லணும், தானா நிறுத்தவும் கூடாது.

ஜூன் 12, வியாழன்
மைனி கூட வந்தாவ. பட்டினி கிடக்க வேண்டாம்னதால இட்லி சாப்பிட்டுட்டுத்தான் போனேன், பவுடர் மட்டும் போடல. மல்லாக்க படுக்க வச்சு இடது கைய தலைக்கு மேல தூக்கி வைக்க சொன்னாவ, ஜெல் தடவி ஸ்கேன்ல கட்டிய பாத்துக்கிட்டே மரத்துப்போற ஊசி போட்டாவ, அந்த எரிச்சல் கொஞ்ச நேரம்தான், உண்மையா வலிச்சது அது மட்டும்தான். பிறகு தோல்ல சின்னதா ஒரு கீறல், அது வழியாத்தான் பெரிய ஊசி போவுது. சத்தம் வரும்னு முன்னாடியே சொல்லி, வெளிய ஒரு தடவ அடிச்சும் காட்டினாவ, ஸ்டேப்ளர் மாதிரி டக்குனு. அப்படியும் முதல் தடவ உடம்பு தூக்கிப்போட்டுச்சு, நர்ஸ் எனக்க கைய பிடிச்சிக்கிட்டாவ. நாலு தடவ எடுத்தாவ, அழுத்தம்தான் தெரிஞ்சுது, வலி இல்ல. எடுத்த சதை கெடாம இருக்க போட்டு வைக்கிற ஃபார்மலின் பாட்டில்ல பாத்தேன், வெந்த சேமியா துண்டு மாதிரி வெள்ளையா கிடக்கு, இதுக்கா ரெண்டு நாளா உயிர கையில பிடிச்சிட்டு இருந்தேன்னு தோணிச்சு. பிறகு பத்து நிமிசம் அழுத்திப் பிடிச்சு ஒட்டு போட்டாவ. தையல் இல்ல.

ஜூன் 13
நீலம் பாரிச்சிருக்கு, தொட்டா நோவுது. பாராசிட்டமால் போதும்னாவ. துணியில ஐஸ் சுத்தி வச்சேன். கனம் தூக்கக் கூடாதுங்கிறதால ரப்பர் பால் வாளிய அவருதான் எடுத்தாரு. வீக்கம் கூடினாலோ காய்ச்சல், சீழ், நிக்காத ரத்தம்னாலோ உடனே வரணுமாம்.

ஜூன் 15
காத்திருக்கதுதான் கஷ்டம். போன் அடிச்சாலே நெஞ்சு படபடங்குது.

ஜூன் 18, புதன்
ஃபைப்ரோ அடினோமா. சாதா கட்டி, கேன்சர் இல்ல. மைனி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே என்ன கட்டிப்பிடிச்சு அழுதுட்டாவ. ஆறு மாசம் கழிச்சு திரும்ப ஸ்கேன், டிசம்பர் தாள்ல இப்பவே வட்டம் போட்டு வச்சாச்சு.