வாடிய கத்தரிக் குருத்து

தை மாதத்தில் மாரிமழை ஓய்ந்து மண் காயத் தொடங்கிய பின்னர், யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் உள்ள எங்கள் வளவின் கிணற்றடியோரம் 4 பாத்திகள் கட்டி, கத்தரி, மிளகாய், வெண்டி, பயிற்றை ஆகியவற்றை நட்டேன். செம்மண்ணும் கிணறும் இருக்கையில் என்ன குறை வந்துவிடப் போகிறது என்பதே அப்போதைய எண்ணம்.

முதற்பிழை எருவில் நேர்ந்தது. புதிதாக வாங்கிய ஆட்டெருவை நாற்றின் அடியிலேயே குவித்ததால், சில நாட்களில் இலைகளின் ஓரம் கருகியது. பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "பச்சை எரு சூடெல்லோ பிள்ளை, உக்க விட்டுத்தான் போட வேணும்" என்றார். எங்கள் ஊர்த் தோட்டக்காரர் பூவரசங்குழையை மண்ணுக்குள் தாழ்த்து, அது உக்கிய பின்னரே நடுவதன் காரணமும் அன்றுதான் விளங்கியது.

தண்ணீரிலும் அதே அவசரந்தான். மேல்மண் வெளுத்திருப்பதைக் கண்டு காலையும் மாலையும் சிறிது சிறிதாக ஊற்றினேன்; விரலை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்தது. இப்படி ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும் என்பதால், பிறகு 2 நாளுக்கு ஒருமுறை பாத்தி நிறைய இறைத்து, மேலே வாழைச்சருகு பரப்பினேன்.

ஆனால் என்னை உண்மையில் ஏமாற்றியது கத்தரி. செடி முழுவதும் செழிப்பாக நிற்க, ஒரேயொரு குருத்து மட்டும் தலை தொங்கியது. வெயிலின் வாட்டம் என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் அதை வெட்டிப் பிளந்தபோது, கோதாகிப்போன தண்டுக்குள் தன் எச்சத்தின் நடுவே வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு புழு நெளிந்தது. அந்துப்பூச்சி இட்ட முட்டையிலிருந்து வரும் இப்புழு முதலில் குருத்தையும் பின்னர் காயையும் துளைக்கும்; உள்ளே புகுந்தபின் மேலே தெளிக்கும் மருந்து அதனை எட்டாது. வாடிய இடத்துக்குக் கீழே வெட்டி எரிப்பதே வழி. நானோ முதல் 2 கிழமை வெட்டியவற்றைக் கூட்டெருக் குழியில் போட்டுவந்தேன். சருகுக்குள் கூட்டுப்புழுவாகி மீண்டும் அந்தாகப் பறக்க நானே இடம் கொடுத்திருக்கிறேன்!

மிளகாய் இலைச்சுருளலில் பாதி போயிற்று. வெண்டி 2 பேர் கொண்ட வீட்டுக்கு அளவுக்கு மிஞ்சியது. பயிற்றை மட்டும் என் பிழைகளைப் பொருட்படுத்தாமல் பந்தல் நிறையக் காய்த்தது. விதைக்கென முற்றவிட்ட காய்கள் இப்போது குசினிச் சுவரில் காய்கின்றன.