இரண்டு ஜெட் ஸ்கீ, ஒரு டிரெய்லர், 5.20 மீட்டர் கராஜ்

எங்கள் கராஜின் உள்நீளம் பின்சுவரிலிருந்து ஷட்டர் வரை 5.20 மீட்டர். என் போன் நம்பரைக் கேட்டால்கூட ஒரு நொடி யோசிப்பேன், இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். கடந்த இரண்டு மாதமாக அந்த எண்ணோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் யமஹா வி.எக்ஸ். இருக்கிறது, தம்பியிடம் இரண்டு பேர் உட்காருகிற சீ-டூ ஸ்பார்க். (தண்ணீரில் ஓட்டும் பைக் மாதிரியான இந்த வண்டிக்கு ஜெட் ஸ்கீ என்பது கவாசாகி வைத்த பெயர். ஆனால் யார் செய்த வண்டியானாலும் ஊர் வாயில் அது ஜெட் ஸ்கீதான்.) இதுவரை இரண்டும் தனித்தனி டிரெய்லரில் இருந்தன. ஒன்று கராஜுக்குள்ளே, இன்னொன்று வெளியே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு. தண்ணீருக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு கார், இரண்டு டிரைவர், கரையில் இரண்டு முறை இறக்கி ஏற்றும் வேலை. ஒரே டிரெய்லரில் இரண்டையும் ஏற்றி, அதை அப்படியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் நிம்மதி என்று ஆரம்பித்தோம்.

முதல் வாரம்: டேப்பும் சாக்பீஸும்

டிரெய்லர் பார்க்கப் போவதற்கு முன்னால் கராஜை அளந்தேன். உள்நீளம் 5.20. ஷட்டர் சுருளும் அதன் தடமும் 10 சென்டிமீட்டர் எடுத்துக்கொள்கின்றன. பின்சுவரில் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஓர் அலமாரி. மிச்சம் 4.70. உள் அகலம் 3.10, ஆனால் வாசல் திறப்பு 2.60 மட்டும்.

இரட்டை டிரெய்லர்களில் பெரும்பாலானவை 2.4 மீட்டருக்கு மேல் அகலம். நீளம் ஐந்து மீட்டரைத் தொட்டும் தாண்டியும் இருக்கிறது. அந்த நீளத்தில் ஒரு பெரிய பங்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைத் தண்டு. மாட்டுவண்டிக்கு ஏர்க்கால் மாதிரி. ஓடும்போது அது வேண்டும், உள்ளே நிற்கும்போது தண்டம்.

"சாய்ச்சு நிறுத்தினா போச்சுண்ணே, மூலைக்கு மூலை வெச்சா இடம் மிச்சமாகும்" என்றான் தம்பி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சரி என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பழைய அட்டைப் பெட்டிகளை ஒட்டி, 5 மீட்டர் நீளமும் 2.44 அகலமும் கொண்ட ஒரு டிரெய்லர் உருவத்தைச் செய்து திருப்பிப் பார்த்தோம். திருப்பத் திருப்ப நீளம் கூடுகிறது! முன் நுனி உள்ளே வருவதை விட வேகமாகப் பின்மூலை ஒன்று வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. ஏறத்தாழ 14 டிகிரி திருப்பும்போது 5 மீட்டர் உருவத்துக்கு 5.15 மீட்டர் ஆழம் தேவைப்பட்டது. 27 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் நேராக நிற்பதை விடக் குறைய ஆரம்பித்தது. அந்தக் கோணத்தில் அகலம் 3.8 மீட்டர் கேட்கிறது, எங்களிடம் இருப்பது 3.10. நீளமான ஒல்லிப் பொருளுக்குத்தான் மூலைவிட்டம் கைகொடுக்கும், இது பாதி அளவுக்கு அகலமான பொருள். அரை மணி நேர அட்டை வேலை ஒரு தவறான முடிவைத் தடுத்தது.

இரண்டாம் வாரம்: பழைய டிரெய்லர் ஒன்று

முதலில் பார்க்கப் போனது ஏற்கெனவே ஓடிய டிரெய்லர். மடியாத தண்டு, விற்பவர் சொன்ன நீளம் 4.70. எங்கள் கராஜுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

சந்தேகப் பேர்வழி என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, டேப்பை எடுத்தேன். இரும்புச் சட்டத்தின் பின் விளிம்பிலிருந்து முன் நுனி வரை 4.70 சரிதான். ஆனால் ஜெட் ஸ்கீ அந்தச் சட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. கம்பளம் ஒட்டிய தாங்கு பலகைகளின் மேல் உட்கார்ந்து, மூக்கு முன்னாலிருக்கும் வின்ச் தூணின் (வண்டியை இழுத்து ஏற்றும் உருளை இருக்கிற தூண்) ரப்பரில் முட்டும்போது, அதன் பின்பக்கம் சட்டத்துக்கு வெளியே வந்துவிடும். வி.எக்ஸின் நீளம் 3.35 மீட்டர். தூணிலிருந்து அளந்து பார்த்தால் பின்னால் 30 சென்டிமீட்டர் வெளியே தொங்கும். ஆக மொத்தம் 5.00. விளம்பரத்தில் போடுவது வெறும் டிரெய்லரின் நீளம், கராஜுக்குள் போகப்போவதோ வண்டி ஏறிய டிரெய்லர்.

அதே டிரெய்லரில் இன்னொரு சிக்கல். இரண்டு வண்டிகளின் மையக் கோடுகளுக்கும் நடுவில் 1.12 மீட்டர்தான் இருந்தது. பழைய ஒல்லி வண்டிகளுக்காகச் செய்தது போலிருக்கிறது. என்னுடையது 1.22 அகலம், ஸ்பார்க் 1.18. இரண்டிலும் பாதி பாதி சேர்த்தால் 1.20 ஆகிறது. அதாவது 8 சென்டிமீட்டர் ஒன்றுக்குள் ஒன்று போக வேண்டும். பலகைகளை வெளிப்பக்கம் தள்ளலாமே என்றார் விற்பவர். தள்ளலாம். ஆனால் வண்டியின் விளிம்பு மட்கார்டுக்கு வெளியே வரும், வாசல் தூணில் முதலில் உரசப்போவது அதுதான்.

போனதற்குச் சக்கரத்தையும் பார்த்துவிட்டு வந்தோம். ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் டக் டக்கென்று ஆடியது. பேரிங் மூடியைக் கழற்றினால் கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடான சக்கரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கரைக்குப் போனதும் கொஞ்ச நேரம் ஆறவிட்டு இறக்குவது அதற்காகத்தான். பேரிங்கை மாற்றிவிடலாம், அது பெரிய விஷயமில்லை. அளவை மாற்ற முடியாதே. கும்பிடு போட்டுவிட்டு வந்தோம்.

எடைக் கணக்கில் விழுந்த அடி

நடுவில் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவும் அதே மாதிரி ஏமாற்று வேலைதான். வி.எக்ஸ். 330 கிலோ, ஸ்பார்க் 190, டிரெய்லர் 190. மொத்தம் 710. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவைத் தாண்டுகிற டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்று படித்திருந்தேன், அதையே என் அளவுகோலாக வைத்துக்கொண்டு, பிரேக் இல்லாததே போதும் என்று சந்தோஷப்பட்டேன். ஒரு ராத்திரி திடீரென்று உறைத்தது. அந்த எடைகள் எல்லாம் பெட்ரோல் ஊற்றாத காய்ந்த எடை. என் வண்டியின் டேங்க் 70 லிட்டர், அதிலேயே 50 கிலோவுக்கு மேல். தம்பியுடையதில் 20 கிலோ சொச்சம். கயிறு, நங்கூரம், லைஃப் ஜாக்கெட் எல்லாம் பெட்டிக்குள். கணக்கு 790ஐத் தாண்டிவிட்டது. பிரேக் வைத்ததுதான் என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டு வண்டிக்கும் எடை சமமில்லை. என்னுடையதை இடப்பக்கம் ஏற்றினால் வலது சக்கரத்தை விட இடது சக்கரத்தின் மேல் சுமார் 95 கிலோ கூடுதலாக விழும். மொத்த எடையை இரண்டால் வகுத்து டயர் வாங்கினால் இடது டயர் அதன் வரம்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் சுமை எண்ணைக் கனமான பக்கத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் வாரம்: மடிகிற தண்டு

கடைசியில் வாங்கியது தண்டு பக்கவாட்டில் மடிகிற மாடல். துத்தநாகப் பூச்சுப் போட்ட சட்டம், மட்கார்டோடு சேர்த்து அகலம் 2.44, மையத்துக்கு மையம் 1.24. தண்டு நேராக இருந்தால் 4.90, மடித்தால் 4.20. இந்த முறை ஏமாறவில்லை. பின்னால் தொங்கும் 28 சென்டிமீட்டரைக் கூட்டிக்கொண்டேன். மடித்த நிலையில் 4.48.

தண்டை மொத்தமாக உருவிவிடுகிற மாடலும் பார்த்தோம். இன்னும் அரை மீட்டர் மிச்சமாகும். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கனத்த இரும்புக் குழாயைத் தூக்கி ஓரமாக வைத்து, விளக்கு வயரையும் பிரேக் குழாயையும் கழற்றி மாட்ட வேண்டும். நனைந்து களைத்துத் திரும்புகிற சாயங்காலத்தில் இதையெல்லாம் செய்யமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே ஒரு பாடம். வண்டி எதுவும் ஏற்றவில்லை, வெறும் டிரெய்லர். காரிலிருந்து கழற்றி, டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் முன் ஜாக்கிச் சக்கரத்தை இறக்கி, கீலில் இருந்த இரண்டு ஆணிகளில் ஒன்றை உருவித் தண்டைப் பக்கவாட்டில் திருப்பினேன். அழகாக மடங்கியது. திரும்ப நேராக்கி ஆணியைப் போடப் பார்த்தால் துளைகள் நேருக்கு நேர் வரவில்லை. கண்ணை வைத்துப் பார்த்தேன். மேல் தகட்டின் துளைக்குள் கீழ்த் தகடு பிறைநிலா மாதிரி எட்டிப் பார்த்தது, 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். சுத்தியலால் தட்டினேன், ஆணியின் முனை மழுங்கியதுதான் மிச்சம்.

"அண்ணே, ஜாக்கி எங்க இருக்குன்னு பாருங்க" என்றான் தம்பி.

ஜாக்கி கீலுக்கு முன்னால், மடிகிற பகுதியில் பொருத்தப்பட்டிருந்தது. தண்டு திரும்பும்போது அதுவும் கூடவே திரும்பி ஓரத்துக்குப் போய்விட்டது. டிரெய்லரின் மூக்குப் பாரம் முழுவதும் ஒற்றை ஆணியை முறுக்கிக்கொண்டு தொங்கியதில் கீல் சாய்ந்துவிட்டது. கார் ஜாக்கியைக் கொண்டுவந்து சட்டத்தின் அடியில் கொடுத்து இரண்டு சுற்றுத் தூக்கியதும் ஆணி தானாக வழுக்கி இறங்கியது. வெறும் டிரெய்லருக்கே இந்தக் கதி, இரண்டு வண்டியும் ஏறியிருந்தால் தகடே வளைந்திருக்கும். விற்ற இடத்தில் கேட்டதற்கு "எல்லாரும் அப்படித்தான் பயன்படுத்துறாங்க" என்று பதில். மறுநாளே ஜாக்கியைக் கழற்றிக் கீலுக்குப் பின்னால் மாற்றிப் பொருத்தினேன். நாலு போல்ட், ஒரு மணி நேர வேலை. மடிகிற தண்டு வாங்கப் போகிறவர்கள் நீளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஜாக்கி கீலுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

பாதுகாப்புச் சங்கிலியையும் கீலுக்குப் பின்னாலிருந்து தொடங்கும்படி மாற்றிவிட்டேன். ஓடும்போது ஆணியே கழன்றாலும் சங்கிலி முழு டிரெய்லரையும் பிடித்திருக்க வேண்டும் அல்லவா.

வயர் விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டோம். மூன்றாவது முறை மடித்தபோது விளக்கு வயர் தகடுகளுக்கு நடுவில் மாட்டி நசுங்கி, இடது இண்டிகேட்டர் போய்விட்டது. வயரும் பிரேக் குழாயும் கீல் திரும்புகிற ஆணியின் பக்கமாகப் போக வேண்டும், அங்கே ஒரு கை அளவு தொய்வும் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் நேராக்கும்போது தகடு மூடிக் கடித்துவிடும். இப்போது ரப்பர் குழாய்க்குள் நுழைத்து விட்டிருக்கிறேன்.

ஆறாம் வாரம்: உள்ளே வைப்பது

800 கிலோவைக் கையால் தள்ளி உள்ளே விடுவதுதான் என் பெரிய பயமாக இருந்தது. வாசலில் லேசான ஏற்றம் வேறு. தேவையே படவில்லை. காரோடு சேர்த்தே ரிவர்ஸில் உள்ளே விடுகிறோம், வண்டிகளின் பின்பக்கம் பின்சுவரை நெருங்கும் வரை. தண்டின் நுனி ஷட்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போதே சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை இறக்கி, காரைக் கழற்றுகிறோம். அப்புறம் தண்டை மடித்தால் ஷட்டர் இறங்குகிறது. தள்ளுவதே இல்லை.

வாசலில் பக்கத்துக்கு 8 சென்டிமீட்டர்தான் இடைவெளி. முதல் முறை தம்பி பின்னால் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனான். இப்போது ஒரு மட்கார்டு போக வேண்டிய தடத்தைத் தரையில் வெள்ளைக் கோடாகப் போட்டுவிட்டோம். கண்ணாடியில் அந்தக் கோட்டை மட்டும் பார்த்தால் போதும்.

பின்பக்கமாக நுழைவதில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் கிடைத்தது. ஜெட் ஸ்கீயின் மூக்கும் கைப்பிடியும்தான் உயரம், பின்பக்க மேடை தாழ்வு. அலமாரியைக் கழற்றி 1.3 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி மாட்டினோம். இரண்டு வண்டிகளின் வாலும் அதன் அடியில் நுழைந்துவிட்டன. போன 40 சென்டிமீட்டர் திரும்பி வந்தது. 5.10இல் 4.48 போக முன்னால் 62 சென்டிமீட்டர் நடைபாதை. பக்கங்களில்தான் உடம்பை ஒருக்களித்துப் போக வேண்டியிருக்கிறது.

பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோரமாகத் தேங்கும். மேலே இருந்த ஜன்னல் போதாது என்று ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில் தரைமட்டத்தில் ஒரு காற்றுத்துளை எடுத்தோம். பேட்டரி சார்ஜரும் இப்போது தரையில் இல்லை, அலமாரி மேல்தட்டுக்குப் போய்விட்டது.

இன்னும் முடியாத வேலை

கொண்டிப் பாரம், அதாவது காரோடு மாட்டுகிற கொண்டியின் மேல் விழும் எடை, குறைவாக இருக்கிறது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு முன்னால் கொண்டியின் மேல் விழட்டும் என்று குறி வைத்திருந்தேன், எங்கள் கணக்குக்கு 80 கிலோ பக்கம். எடை பார்க்கும் மெஷினைத் தண்டின் நுனியில் கொடுத்துப் பார்த்தால் 41தான் காட்டியது. இப்படிப் பின்பாரமாக ஓடினால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். போன முறை இறக்கத்தில் லேசாக ஆட்டியது, உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். என் பக்கத்து வின்ச் தூணை 15 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தி, வண்டியையும் கூடவே முன்னால் ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால் பின்னால் தொங்குவதும் குறையும். ஆனால் மடித்த தண்டு வி.எக்ஸின் மூக்கில் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். சாக்பீஸும் அட்டையும் மறுபடி வெளியே வந்துவிட்டன.